பயிற்சிக்கு இட்ட முதலும் அதன் பலனும்

சங்கத்தின் ஆண்டு வரவு செலவு அறிக்கை மகாசபையில் வாசிக்கப்படும்போது, ‘பயிற்சிச் செலவு’ என்ற இனம் வந்தவுடன் அங்கத்தினர் ஒருவராவது எழுந்து, “இதனால் நமக்கு என்ன வந்தது?” என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், “இத்தனை பேர் பயின்றனர், சான்றிதழ் வழங்கப்பட்டது” என்ற விடை, செலவின் விவரமேயன்றி வரவின் விவரமன்று. விளைச்சல் குன்றிய ஆண்டிலும், துணி தேங்கிய ஆண்டிலும் இவ்வினமே முதலில் வெட்டப்படுகிறது. பலனைக் கணக்கிட்டுக் காட்டாமையே அதற்குக் காரணம். அக்கணக்கை எழுதும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

கூட்டுறவுக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் 1844-ல் தொடங்கிய சங்கம், சில ஆண்டுகளிலேயே உபரியில் 100-க்கு 2½ வீதம் கல்விக்கென ஒதுக்கியது. நம் நாட்டில் 1956-ல் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றின. 1960-ல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் நிறுவப்பட்டது.

1. கருவி வந்தால் பயிற்சி வேண்டாமா?

தானியங்கிக் கருவி வந்துவிட்டால் ஆளுக்குப் பயிற்சி வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைக் கண்ட நம் வட்டாரத்தார் அவ்வாறு எண்ணமாட்டார்கள். சூளையின் வெப்பத்தை முற்காலத்தில் தீயின் நிறங்கண்டு அறிந்தனர். வெப்பமானி காட்டும் அளவின்படி எரிபொருளைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்புகள் இன்று உள்ளன. ஆயினும் வெப்பமானி பழுதுற்றால், கருவி பொய்யான அளவை மெய்யென்று கொண்டு தவறாமல் வேலை செய்யும். சூளையிலுள்ள சரக்கு முழுவதும் பாழாகும். அளவு பொய்யென்று கண்டுகொள்வது ஆளின் அறிவே.

சூளையின் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரியும். வயலில் அப்படியன்று. மங்களூர் வட்டாரத்தில் பருத்திக்குச் சொட்டுநீர் அமைத்து, நேரங்காட்டியால் தானே திறக்கும் வால்வு பொருத்தியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வால்வு குறித்த நேரத்தில் திறக்கும். ஆனால் வடிகட்டி அடைத்திருந்தால் கடைசி வரிசைக்கு நீர் சேராது. செடி வாடிய பின்னரே நஷ்டம் புலப்படும். ஆகவே கருவி பயிற்சியின் தேவையை நீக்குவதில்லை. பயில வேண்டிய பொருளை மாற்றுகிறது.

2. பலனின் நான்கு படிகள்

அமெரிக்க அறிஞர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியின் பலனை நான்கு படிகளாக வகுத்துக் காட்டினார். பயின்றவர் பயிற்சியை விரும்பினாரா என்பது முதற்படி. பாடம் மனத்தில் பதிந்ததா என்பது இரண்டாம் படி. வேலையிடத்தில் அதன்படி நடக்கிறாரா என்பது மூன்றாம் படி. அதனால் தொழிலில் விளைந்த நன்மை யாது என்பது நான்காம் படி. ஜாக் பிலிப்ஸ் என்பவர் ஐந்தாவதாக, அந்நன்மையின் பண மதிப்பைச் செலவோடு ஒப்பிடும் படியைச் சேர்த்தார். சான்றிதழை எண்ணுவோர் இரண்டாம் படியைத் தாண்டுவதில்லை.

3. ஓர் உதாரணக் கணக்கு

சங்கம் ஒன்று 10 அங்கத்தினருக்குச் சொட்டுநீர்ப் பராமரிப்பில் 5 நாட்பயிற்சி அளிப்பதாகக் கொள்வோம். பயிற்றுநர் ஊதியமும் சாமான்களும் ரூ. 10,000, உணவும் பிரயாணமும் ரூ. 5,000. இத்துடன் கணக்கை முடிப்பது தவறு. பயின்றவர் இழந்த 5 நாள் வருமானமும் செலவே. நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் அது ரூ. 25,000 ஆகும். ஆக மொத்தச் செலவு ரூ. 40,000.

இனி வரவு. பயின்றபின் ஓராண்டில் ஒவ்வொருவருக்கும் பழுதுபார்க்கும் செலவு ரூ. 2,500 குறைந்தது, விளைச்சல் வருமானம் ரூ. 8,000 கூடியது என்போம். பதின்மருக்கும் சேர்த்து ரூ. 1,05,000. செலவு போக மிச்சம் ரூ. 65,000, இட்ட முதலுக்கு 100-க்கு 162½ வீதம் லாபம்!

ஆனால் அவசரப்படலாகாது. பயிற்சி பெறாத அண்டை வயல்காரர் பதின்மரையும் விசாரிப்போம். நல்ல மழையால் அவர்களுக்கும் வருமானம் ரூ. 5,000 கூடியிருக்கிறது, பழுதுச் செலவு ரூ. 500 குறைந்திருக்கிறது. ஆகவே பயிற்சியால் வந்தது, விளைச்சலில் ரூ. 3,000, பழுதில் ரூ. 2,000 மட்டுமே. பதின்மருக்கு ரூ. 50,000. செலவு போக மிச்சம் ரூ. 10,000, அதாவது 100-க்கு 25 வீதம். மழை தந்ததைப் பயிற்சியின் கணக்கில் எழுதினால், அடுத்த ஆண்டு மழை பொய்க்கும்போது பயிற்சியும் பொய்யென்று தோன்றும். 25 வீதம் சிறிதாயினும் நிலைத்து நிற்கும் கணக்கு.

நம் மாநிலத்தில் விவசாய மின்சாரம் இலவசமாதலால், மோட்டார் ஓடும் நேரம் குறைவது பண வரவாகாது. எனினும் கிணற்றில் நீர் மிஞ்சும். அதனைத் தனிப் பத்தியில் குறித்தல் வேண்டும்.

4. நெசவாளருக்கு

நெசவில் அளக்க வேண்டியவை: பழுதுள்ள துணிகளின் எண்ணிக்கை, நூல் கழிவின் எடை, பாவு பிணைக்கவும் ஜக்கார்டு அட்டை மாற்றவும் ஆகும் நேரம், நாளொன்றுக்கு நெய்த மீட்டர். உருப்படிக் கூலி பெறுவோருக்குத் தறி நின்ற நாள் கூலியில்லா நாள். அதனைச் செலவில் எழுதத் தவறினால், பயிற்சியின் சுமை நெசவாளர் வீட்டு அடுப்பின்மேல் விழுவது ஏட்டில் தெரியாமற் போகும்.

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் 17 நெசவு நிறுவனங்களில், 2008 முதல் ஆராய்ச்சியாளர் சோதனையொன்று நடத்தினர். சில ஆலைகளுக்குப் பழுதைப் பதிதல், இயந்திரப் பராமரிப்பு, இருப்புக் கணக்கு முதலிய நிர்வாக முறைகள் தீவிரமாகக் கற்பிக்கப்பட்டன. ஏனையவை ஒப்பீட்டிற்கு வைக்கப்பட்டன. முதலாண்டிலேயே உற்பத்தித் திறன் 100-க்கு 17 வீதம் உயர்ந்தது. ஆனால் எட்டு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் சென்று பார்த்தபோது, மேற்கொண்ட முறைகளில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தன. ஒரு முறை கற்பித்ததோடு கடமை முடிந்தது என்போர் இதனை நினைவிற் கொள்க.

5. பலன் யாருக்கு?

பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளருக்குப் பேச்சுத்திறன், நேர நிர்வாகம் முதலியவற்றில் அளிக்கப்பட்ட பயிற்சியும் ஆராயப்பட்டது. விரும்பியவர் பலர் இருந்தமையால் இடங்கள் குலுக்கல் மூலம் வழங்கப்பட்டன. ஆகவே ஒப்பீடு நேர்மையாயிற்று. பயிற்சி முடிந்து எட்டு மாதங்களில், செலவு போக ஆலைக்குக் கிடைத்த ஆதாயம் இட்ட முதலைப்போல் இரு மடங்கிற்கும் மேல். தொழிலாளரின் ஊதியமோ மிகச் சிறிதே உயர்ந்தது.

நம் சங்கங்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. கூட்டுறவில் உழைப்பவரே உடைமையாளர். எனவே நம் ஏட்டில் சங்கத்திற்கு வந்தது ஒரு பத்தியிலும், பயின்ற அங்கத்தினருக்கு வந்தது மறு பத்தியிலும் எழுதப்படல் வேண்டும். இரண்டாம் பத்தி வெறுமையாக இருப்பின், முதற் பத்தியின் தொகை எவ்வளவு பெரிதாயினும் அது கூட்டுறவின் வெற்றியாகாது.

6. சங்கம் செய்ய வேண்டுவன

(அ) பயிற்சி தொடங்குமுன்னரே பழுது, கழிவு, வருமானம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். முன் அளவு இல்லையேல் பின் அளவுக்குப் பொருளில்லை.

(ஆ) இடத்திற்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் முறையைக் கையாளுதல். இது பாரபட்சத்தையும் ஒழிக்கும், ஒப்பீட்டிற்கும் உதவும்.

(இ) மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும், ஆண்டு முடிவிலும் மீண்டும் அளத்தல்.

(ஈ) பத்துப் பேரின் கணக்கைக் கொண்டு நூறு பேருக்கு முடிவு கூறாதிருத்தல்.

இவற்றிற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் உண்மையாக எழுதும் கையும் போதும். அடுத்த மகாசபையில் அதே கேள்வி எழும்போது, செயலாளர் அந்த ஏட்டை விரித்து வாசிப்பாராக. பலனில்லாப் பயிற்சியை நிறுத்தவும், பலனுள்ள பயிற்சியைக் காக்கவும் அங்கத்தினருக்கு அதனால் வழி பிறக்கும்.