சாசர் கவிதையும் கற்றோர் செவியும்

காலத்தை வென்று வாழும் புலவரின் புகழும் என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. ஒரு காலத்தார் அவரை மிகுதியாகப் போற்றுவர். பிறிதொரு காலத்தார் அவரிடம் குறை காண்பர். பின்வருவோர், அக்குறை புலவருடையதன்று, கண்டவருடையதே எனத் தெளிவர். இவ்வுண்மைக்கு ஆங்கிலப் புலவராகிய ஜெப்ரி சாசரின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

சாசர் பதினான்காம் நூற்றாண்டினர். இலண்டன் மாநகரில் மது வணிகர் ஒருவரின் மைந்தராகத் தோன்றி, அரசர் பணியில் அமர்ந்து, சுங்க அலுவலராகவும் தூதராகவும் விளங்கினார். அந்நாளில் இங்கிலாந்தின் அரசவையில் பிரெஞ்சு மொழியும், திருச்சபையிலும் கல்விக் கூடங்களிலும் இலத்தீன் மொழியும் ஏற்றம் பெற்றிருந்தன. சாசரோ மக்கள் பேசிய ஆங்கிலத்திலேயே பாடினார். அவர் இயற்றியவற்றுள் தலைசிறந்தது 'காண்டர்பரிக் கதைகள்' என்பது. காண்டர்பரித் திருத்தலத்தை வழிபடச் செல்வோர் பலர் ஒரு விடுதியில் ஒன்றுகூடி, பயணக் களைப்புத் தோன்றாதிருக்கக் கதைகள் கூறிச் செல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. போர்வீரரும் உழவரும், துறவியரும் வணிகரும், கற்றவரும் கல்லாதவரும் அதில் உயிருடன் உலவுகின்றனர். அந்நூல் நிறைவுறா முன்னரே, 1400-ஆம் ஆண்டில் சாசர் மறைந்தார்.

அவரை அடுத்து வந்த ஹாக்லீவ், லிட்கேட் முதலிய புலவர்கள் அவரைத் தம் ஆசானாகவே கொண்டு போற்றினர். இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் நிறுவிய காக்ஸ்டன் என்பார், தாம் தொடக்கத்தில் அச்சிட்ட பெருநூல்களுள் ஒன்றாகக் காண்டர்பரிக் கதைகளையே வெளியிட்டார். அப்பதிப்பைக் கண்ட அன்பர் ஒருவர், "இது சாசர் எழுதியவாறு அமையவில்லை, என் தந்தையாரிடம் திருத்தமான ஏடு உள்ளது" என்று கூறினார். காக்ஸ்டன் சினந்தாரல்லர். அவ்வேட்டைப் பெற்று ஒப்புநோக்கி, 1483-ஆம் ஆண்டளவில் திருத்திய பதிப்பு ஒன்றை வெளியிட்டார். பிழையைப் பிழையென ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை பதிப்பாசிரியர்க்கு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்லச் சாசரின் மொழி படிப்போர்க்கு அரிதாயிற்று. 1598-இல் அவர் நூல்களைப் பதிப்பித்த தாமஸ் ஸ்பெக்ட், அருஞ்சொற்களுக்குப் பொருள் தரும் பட்டியல் ஒன்றையும் சேர்க்க வேண்டியவரானார். சொற்பொருளைப் பட்டியலிற் காணலாம். ஓசையை எங்கே காண்பது? சாசரின் அடிகள் பல, அசை குறைந்து தளர்ந்து நடப்பனவாகக் கற்றோர் செவிக்குத் தோன்றின.

இதற்குக் காரணம் யாது? மொழி இடையறாது மாறும் இயல்பினது. சாசர் காலத்தில், பல சொற்களின் இறுதியில் நின்ற 'ஈ' என்னும் பெயருடைய ஆங்கில எழுத்து, மெல்லியதோர் உயிரொலியாக ஒலித்தது. பெயர் எனப் பொருள்பட்டு இன்று 'நேம்' என ஓரசையாய் ஒலிக்கும் சொல், அன்று 'நாம' என ஈரசையாய் ஒலித்தது. பின்னர் அவ்வீற்றொலி பேச்சில் மறைந்தது. எழுத்து மட்டும் ஏட்டில் எஞ்சியது. ஆதலின், பத்து அசைகளால் அமைந்த அடியைப் பிற்காலத்தார் ஒன்பது அசையாகவும் எட்டு அசையாகவும் படித்தனர். படித்துவிட்டுப் புலவரைக் குறை கூறினர்.

பதினேழாம் நூற்றாண்டின் பெரும்புலவராகிய டிரைடன் சாசரிடம் பேரன்பு பூண்டவர். அவரை ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றி, கிரேக்கர்க்கு ஹோமரும் உரோமர்க்கு வர்ஜிலும் எத்தகையரோ ஆங்கிலேயர்க்குச் சாசர் அத்தகையர் என மதித்தார். மக்கள் இயல்பைச் சாசர் முற்ற உணர்ந்தவர் என வியந்தார். எனினும், சாசரின் யாப்பு செம்மையுடையது என்பதை மட்டும் அவர் ஒப்பவில்லை. குற்றம் படிப்போர் செவியதே எனப் பழைய பதிப்பாசிரியர் கருதியதை 1700-இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் எடுத்துக்காட்டி, அது மறுத்துரைக்கவும் தகாத தவறு எனத் தள்ளினார். கவிதையின் குழந்தைப் பருவத்தில் சாசர் வாழ்ந்தமையால் அவர்தம் ஓசை முதிரவில்லை என்பது டிரைடனின் முடிபு. அன்புடையார் கூறிய குறையாதலின் உலகம் அதனை எளிதில் நம்பியது.

அக்குறையை நீக்கியவர் தாமஸ் டிர்விட் என்னும் அறிஞர். அவர் நாடாளுமன்றத்தில் வகித்த உயர் அலுவலை 1768-இல் துறந்து கல்வியிலேயே ஈடுபட்டவர். சாசரின் கையெழுத்து ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, அவர் காலத்து மொழியியல்பை ஆராய்ந்து, 1775-இல் காண்டர்பரிக் கதைகளைப் பதிப்பிக்கத் தொடங்கினார். ஈற்றில் நின்ற அவ்வெழுத்தை ஒலித்துப் படித்தால் அடிகள் நிரம்புதலை அவர் விளக்கிக் காட்டினார். வருஞ்சொல் உயிரை முதலாக உடையதாயின் அவ்வீற்றொலி பெரும்பாலும் கெடும். 'காது' என்பதும் 'அணி' என்பதும் புணருங்கால் ஈற்று உகரம் கெட்டுக் 'காதணி' என நிற்றலை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வியல்பு புதியதன்று. டிரைடன் தள்ளிய கருத்தே மெய்யாயிற்று. குற்றம் செவியதே என்பது முக்கால் நூற்றாண்டிற்குப் பின் நிலைபெற்றது.

ஓசைபற்றிய வழக்குத் தீர்ந்த பின்னும் பொருள்பற்றிய வழக்கு எழுந்தது. 1880-இல் மாத்யூ ஆர்னால்டு என்னும் திறனாய்வாளர், சாசரின் பரந்த நோக்கையும் கனிவையும் பாராட்டியபோதிலும், உயர்ந்த பெருங்கவிஞர்க்குரிய ஆழ்ந்த விழுமம் அவரிடம் இல்லை என்றார். நகைச்சுவை விழுமத்திற்குப் பகையன்று எனவும், மாந்தரின் சிறுமையை வெறுப்பின்றிக் காட்டுதலே பேரறிவு எனவும் பின்வந்தோர் பலர் அதற்கு விடை கூறினர். 1868-இல் பர்னிவால் நிறுவிய சாசர் கழகமும் ஏடுகளை அச்சிட்டு ஆராய்ச்சிக்கு உதவியது. 1940-இல் மேன்லி, ரிக்கர்ட் என்னும் இருவர், எண்பதுக்கு மேற்பட்ட ஏடுகளை ஆராய்ந்து எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டனர்.

சாசரின் பாட்டு மாறவில்லை. படித்தோர் செவியே மாறிற்று. பழம்புலவர் ஒருவரிடம் குறை காணுமுன், அவர் மொழியை அவர் காலத்தார் ஒலித்தவாறு அறிந்தோமா என நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும். டிரைடன் போன்ற பேரறிஞரும் தவறினர் எனின், நாம் இன்னும் மிகுதியாக விழிப்புடன் இருத்தல் கடனாகும்.