குதிரை வாங்கப் போகிறீர்களா? சுழியை விடுங்கள், குளம்பைப் பாருங்கள்

பெங்களூரில் குதிரை வாங்குவது இன்று எளிதாகிவிட்டது. "ஓய்வு பெற்ற ரேஸ் குதிரை, சாது, அவசர விற்பனை" என்று படத்தோடு விளம்பரம் வருகிறது. தோட்ட வீடு வைத்திருப்பவருக்கு ஆசை பிறக்கிறது. ஆசை தவறல்ல. ஆனால் விளம்பரத்தையும் பரம்பரை நம்பிக்கையையும் மட்டும் நம்பி வாங்கினால், பணத்தை இழப்பது நாம். துன்பப்படுவது வாயில்லாத அந்த உயிர்.

நம்பிக்கை: சுழி சரியாக இருந்தால் குதிரை ராசியானது.

உண்மை: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலும் சுழி பார்த்து விலை பேசுபவர்கள் உண்டு. சுழி என்பது ரோமம் சுழன்று வளரும் அமைப்பு, அவ்வளவுதான். நம் கைரேகையைப் போல ஒவ்வொரு குதிரைக்கும் அது வேறுபடும். அதனால்தான் குதிரையின் அடையாள ஆவணத்தில் சுழிகளைக் குறிக்கிறார்கள். ஆவணத்தில் உள்ள குதிரைதானா எதிரே நிற்பது என்று சரிபார்க்கச் சுழி உதவும். அதை வைத்துக் குணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. அதிர்ஷ்டத்தை அது சொல்லவே சொல்லாது.

நம்பிக்கை: பல்லைப் பார்த்தால் வயது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

உண்மை: ஐந்து வயது வரை ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம், அதற்குள் நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதன்பின் எல்லாம் மதிப்பீடுதான். மேல்வரிசை ஓர வெட்டுப்பல்லில் சுமார் 10 வயதில் ஒரு பள்ளக்கோடு தோன்றும். 15 வயதில் பாதி வரையும், 20 வயதில் பல்லின் முழு நீளத்துக்கும் இறங்கும். தீவனத்தையும் பல் தேய்மானத்தையும் பொறுத்து இதுவும் மாறும். "ஏழு வயது" என்று விற்பவர் அடித்துச் சொன்னால் ஆவணத்தைக் கேளுங்கள்.

நம்பிக்கை: ரேஸ் குதிரை மலிவாகக் கிடைத்தால் யோகம்தான், குழந்தைகூட ஏறலாம்.

உண்மை: ரேஸுக்கென வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகள் இரண்டு வயதிலேயே பந்தயத்தில் ஓடத் தொடங்குகின்றன. தசைநாண் காயத்தால் இளம் வயதிலேயே களத்தை விட்டு விலகுபவை பல. பாய்ந்து ஓடவே பழக்கப்பட்ட குதிரைக்கு நிதானமான சவாரியைக் கற்றுத்தர மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். தேர்ந்த கைகளில் அவை அருமையான சவாரிக் குதிரைகளாகின்றன. புதிதாகக் கற்கும் குழந்தைக்கு அவை ஏற்றவையல்ல.

நம்பிக்கை: அசையாமல் நின்றால் சாதுவான குதிரை.

உண்மை: மயக்க மருந்தும் குதிரையை அப்படி நிற்க வைக்கும். தலை தொங்கி, கீழுதடு தளர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வலி மருந்து நொண்டலை மறைக்கும். அதனால் குதிரையைப் பார்க்க ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள். மறுமுறை சொல்லாமல் போங்கள். கெட்டியான தரையில் நேர்கோட்டில் துள்ளுநடை போடச் சொல்லி, எதிரே நின்று தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். பிறகு முழங்காலிலிருந்து குளம்பு வரை கையால் தடவுங்கள். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ இருந்தால் அது எச்சரிக்கை. குளம்பைத் தூக்கிப் பாருங்கள்: வெடிப்பும் அழுகல் நாற்றமும் இருக்கக் கூடாது. கடைசியாக, விற்பவரோடு தொடர்பில்லாத, நீங்கள் நம்பும் கால்நடை மருத்துவரைக் கொண்டு பரிசோதித்து, மருந்தின் தடயம் அறிய இரத்த மாதிரியும் எடுக்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: பார்க்க ஆரோக்கியமாக இருந்தால் நோய்ச் சோதனை தேவையில்லை.

உண்மை: 2023இல் பெங்களூர் டி.ஜே. ஹள்ளியில் ஒரு குதிரைக்கு கிளாண்டர்ஸ் நோய் உறுதியானது. சுற்றுவட்டாரத்தில் குதிரை நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடிய பாக்டீரியா நோய். இதற்குத் தடுப்பூசி இல்லை. வெளியே அறிகுறி காட்டாமலும் குதிரை இதைச் சுமக்கலாம். நோய் உறுதியானால் 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். சோதனை முடிவு கைக்கு வரும் முன் குதிரையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

நம்பிக்கை: வாங்கும் விலைதான் பெரிய செலவு.

உண்மை: 450 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் ஒன்பது பத்து கிலோ உலர்தீவனமும், முப்பது நாற்பது லிட்டர் தண்ணீரும் வேண்டும். ஆறு வாரத்துக்கொரு முறை குளம்பைச் செதுக்கி லாடம் பார்க்க வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலி வந்தால் நள்ளிரவிலும் மருத்துவர் வேண்டும். நன்றாகப் பராமரித்தால் 25 முதல் 30 ஆண்டுகள் வாழும் உயிர் இது. இதைக் கணக்கில் கொள்ளாமல் வாங்கியவர்கள் சலித்து விற்க, குதிரை கைமாறிக் கைமாறி, கடைசியில் காயத்தோடு சாரட் வண்டி இழுக்கவும் நேர்கிறது.

நேரில் பார்க்காத குதிரைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். மருத்துவச் சோதனைக்கு விற்பவர் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சவாரி செய்ய மட்டுமே ஆசையென்றால் நகரிலும் சுற்றிலும் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன. முதலில் அங்கே ஓராண்டு பழகுங்கள். அதன் பிறகும் தினமும் லாயத்தைச் சுத்தம் செய்ய மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.