சூரிய அடுப்பு செய்து பார்ப்போம்

விறகு தேடிக் கண்ணிவெடி அகற்றப்படாத காட்டுக்குள் போகாதீர்கள். வெயில் நாளில் பாடசாலை முற்றத்திலேயே நீரைச் சூடாக்கலாம்.

செய்முறை: பெரிய மட்டைப்பெட்டிக்குள் சிறிய பெட்டியை வைத்து, இடைவெளியை வைக்கோலால் நிரப்புங்கள். உட்சுவரிலும் வெளிப்பெட்டியின் மூடியிலும் அலுமினியத் தாள் ஒட்டுங்கள். வெளிப்புறம் கரிபடிந்த, மூடியுள்ள பாத்திரத்தை உள்ளே வைத்து, கண்ணாடியால் மூடுங்கள். கறுப்பு வெயிலை உறிஞ்சும். கண்ணாடி சூட்டை வெளியே விடாது. பெட்டி மூடியை வெயில் உள்ளே தெறிக்கும்படி சாய்த்துக் கட்டுங்கள்.

பரிசோதனை: அதேபோன்ற இன்னொரு பாத்திரத்தில் அதே அளவு நீரை வெளியே வையுங்கள். காலை 10 மணியிலிருந்து அரை மணிக்கொரு தடவை இரண்டின் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

நீர் 70 பாகை செல்சியசில் அரை மணிநேரம் நின்றால் வயிற்றோட்டக் கிருமிகள் அழியும். எட்டாவிட்டால், அந்நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.