தாய்மீது எழுதப்பட்ட கடன்

வாங்காத கடனை எமது பெயரில் எழுதினால் நாம் ஏற்போமா? ஒட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்மீது அப்படியொரு கடன் நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது.

1943இல் அமெரிக்காவில் மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளை அவதானித்து இந்நிலையை விபரித்தார். தாயின் அன்புக் குறைவே காரணம் என்ற கருத்து பின்னர் பரவியது. "குளிர்சாதனப் பெட்டித் தாய்" என்றும் பழித்தனர். 1964இல் பேர்னாட் றிம்லாண்ட், இது உயிரியல் சார்ந்தது என நூலெழுதி அதனை மறுத்தார். அவரும் ஒட்டிசம் உள்ள மகனின் தந்தையே.

இங்கிலாந்தில் 1962இல் பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவர். ஒட்டிசம் உள்ள மகளின் தாய். இந்நிலை பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்பதை அவரது ஆய்வுகள் உணர்த்தின.

ஒட்டிசத்தில் பரம்பரை அலகுகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதை இன்று அறிவோம். ஆயினும் எம்மிடையே "தாய் கொடுத்த செல்லம்", "முன்வினை", "வீட்டில் இரண்டு மொழி" என்ற பேச்சு ஓயவில்லை. இரு மொழி கேட்டு வளர்வதால் ஒட்டிசம் வருவதில்லை. தாய் தயங்காமல் தமிழிலேயே கொஞ்சலாம்.

கோவிலில் ஒரு பிள்ளை காதைப் பொத்தி அழுதால், மேளமும் மணியோசையும் அதற்குத் தாங்கமுடியாதவை என விளங்கிக்கொள்வோம். முறைத்துப் பாராது, அமைதியான மூலையொன்றைக் காட்டுவோம். அன்னதானத்தின்போது பிள்ளைக்குப் பழக்கமான ஒருவர் அருகில் இருந்தால், தாய் ஆறுதலாகச் சாப்பிடுவாள்.