தார்ப்பாய்க்கும் கூடாரத்திற்கும் மீண்டும் நீர்காப்பு அளித்தல்

காவிரிப் பாசனப் பகுதிகளில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நடைபெறுவதும், வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குவதும் யாவரும் அறிந்தவையே. களத்தில் குவித்த நெல்லின்மேல் ஓரிரவு மழை இறங்குமாயின், நெல் முளைகட்டியும், சூடேறிப் பழுப்பு நிறமடைந்தும் விலை குன்றிப் போகும். அவ்வேளையில் நெல்லைக் காப்பது தார்ப்பாய். களத்தைக் காப்பவருக்கு நிழலாவது கித்தான் கூடாரம். இவை சில வருஷங்களில் ஒழுகத் தொடங்குகின்றன. உடனே இவற்றைப் பயனற்றவையெனத் தள்ளுவோரும் உளர். கையில் கிடைத்த எண்ணெயையும் தாரையும் பூசி அடியோடு கெடுப்போரும் உளர். இரண்டும் நஷ்டத்திற்கே வழியாகும். பெரும்பாலும் கெட்டது துணியன்று. துணியில் ஏற்றியிருந்த நீர்காப்பே. ஆகையால், கெட்டது எது என்பதை முதலில் அறிந்து, பின்னரே பரிகாரம் தேடுதல் வேண்டும்.

நீர் புகாதிருப்பதன் காரணம்

பருத்தி நூல் நனைந்தால் பருக்கும். நெருக்கமாக நெய்த கித்தானில் இவ்வாறு நூல்கள் பருத்து இடைவெளிகளை அடைக்கின்றன. இதனுடன் மெழுகு முதலிய நீரை ஒட்டவிடாத பொருளொன்றும் நூலில் ஊறியிருப்பின், மழைத்துளி துணியில் பரவாமல் உருண்டோடிவிடும். வெயில், உராய்வு, சோப்பிட்டு வெளுத்தல், ஈரத்துடன் மடித்து வைப்பதால் உண்டாகும் பூஞ்சணம் ஆகியவை இக்காப்பைப் போக்குகின்றன. நனைந்த கூடாரத்தின் உட்புறத்தைக் கையாலோ சாமான்களாலோ தொட்டால், தொட்ட இடத்தில் நீர் கசியும். இது துணியின் குற்றமன்று.

சோதிக்கும் முறை

துணியை விரித்துக் கட்டி நீர் தெளிக்கவேண்டும். துளிகள் முத்துப்போல் நின்றால் காப்பு உளது. பரவி ஊறினால் காப்பு போயிற்று. பின்னர், உலர்ந்த துணியை வெயிலுக்கெதிரே பிடித்துப் பார்த்தால் சிறு துளைகள் புலப்படும். கடைசியாக, ஓரத்தை இரு கைகளாலும் பற்றி இழுக்கவேண்டும். எளிதிற் கிழியுமாயின் நூல் இற்றுவிட்டது; அதற்கு எம்மருந்தும் வீண் செலவே. தையலோரத்தில் மட்டும் ஒழுகுமாயின், தையலைச் சரிசெய்தாலே போதும்.

சுத்தம் செய்தல்

உலர்ந்த துணியை மென்மையான தூரிகையால் தேய்த்து மண்ணையும் தூசியையும் போக்கி, குளிர்ந்த நன்னீரில் அலசவேண்டும். பூஞ்சணம் கண்டவிடத்தில், ஒரு பங்கு காடிக்கு நான்கு பங்கு நீர் கலந்து தேய்த்துப் பின் கழுவலாம். கறை முற்றும் நீங்காவிடினும் கவலையில்லை. சலவைத்தூளை உபயோகித்தலாகாது, அதன் மிச்சம் நூலில் தங்கினால் நீரை உள்ளிழுக்கும்.

படிகார முறை

காற்றோட்டம் வேண்டிய பருத்திக் கூடாரங்களுக்கு இம்முறை ஏற்றது. எண்ணெயிற் காய்ச்சிய அசல் சோப்பு 500 கிராமைச் சீவி, 10 லிட்டர் வெந்நீரிற் கரைக்கவேண்டும். மழைநீர் உத்தமம், உப்புநீரில் சோப்பு திரிந்துவிடும். துணியை இதில் நன்கு ஊறவைத்துப் பிழிந்து, அலசாமல் அரைகுறையாக உலர்த்தவேண்டும். பின்பு 500 கிராம் படிகாரம் கரைத்த 10 லிட்டர் நீரில் முழுக்கி எடுக்கவேண்டும். சோப்பும் படிகாரமும் நூலுக்குள்ளே சேர்ந்து, நீரிற் கரையாத பொருளாக மாறும். மழையைத் தடுப்பது அதுவே. ஈற்றில் ஒருமுறை நன்னீரில் அலசி, விரித்துக் கட்டி உலர்த்தவேண்டும். மீந்த படிகாரத்தைத் துணியில் விட்டால் அது நாளடைவில் நூலை நலியச் செய்யும். சலவைத்தூளும் சலவைக்கட்டியும் இவ்வேலைக்கு உதவா.

மெழுகு முறை

இது முன்னதினும் உறுதியானது. ஆயினும் துணி கனமும் விறைப்பும் அடையும். தையல்களுக்கும் சிறு இடங்களுக்கும் மெழுகுக் கட்டியைத் தேய்த்து, மிதமான சூட்டிலுள்ள இஸ்திரிப்பெட்டியால் இழைத்தால் மெழுகு நூலில் ஊறிவிடும். பெரிய தார்ப்பாய்க்கு 125 கிராம் மெழுகைக் கொதிநீரில் நிறுத்திய பாத்திரத்தில் உருக்கி, அடுப்பைவிட்டுத் தொலைவில் கொண்டுசென்று, 1 லிட்டர் டர்பன்டைன் தைலத்திற் கலந்து வெளிப்புறத்தில் மட்டும் பூசவேண்டும். நெடி முற்றும் நீங்கும்வரை பல நாள் காற்றில் விட்டபின்னரே தானியத்தின்மேல் போர்த்தலாம்.

ஜாக்கிரதை

மெழுகை நேரடியாக நெருப்பில் உருக்குதல் கூடாது. வைக்கோற்போருக்கருகில் இவ்வேலை ஆகவே ஆகாது. மெழுகிட்ட துணி எளிதில் தீப்பற்றுமாதலால், அக்கூடாரத்தினுள் சமைப்பதும் விளக்கேற்றுவதும் ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தைகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறி எரியக்கூடும். பழைய முறைகள் சிலவற்றிற் கூறப்படும் ஈய உப்பு கொடிய நஞ்சாகும். நிலக்கரித் தாரும் தானியத்திற்கு ஆகாது. இவ்விரண்டையும் அறவே தவிர்க்கவேண்டும்.

செயற்கை நூல் துணிகள்

இக்காலத்தில் நைலான், பாலியெஸ்டர் கூடாரங்கள் மிகுந்துள்ளன. இவற்றிற்குக் காப்பாவது உட்புறத்திலுள்ள மெல்லிய பூச்சு. ஈரத்தாலும் வெப்பத்தாலும் அப்பூச்சு சிதைந்து பிசுபிசுத்து உரியும். இவற்றிற்குப் படிகாரமும் மெழுகும் பயன்படா. இஸ்திரிச் சூடு துணியையே உருக்கிவிடும். உரிந்த பூச்சை நீக்கி, அவ்வகைத் துணிக்கென விற்கப்படும் பூச்சையே இடவேண்டும். சிலிக்கோன் ஏற்றிய துணியில் சிலிக்கோன் பூச்சேயன்றி வேறு ஒட்டாது. பாலிதீன் விரிப்புகள் வெயிலில் வெடித்துவிட்டால் அவற்றைப் புதுப்பிக்க இயலாது. சிறு கிழிசலை ஒட்டுநாடாவால் அடைக்கலாம். மிகுதியாக வெடித்ததை மாற்றுவதே நன்று.

உபயோகமும் பாதுகாப்பும்

எத்துணை நல்ல துணியாயினும் நீர் தேங்கினால் கசியும். ஆகையால் நடுவில் கழி கொடுத்து, சரிவாக நீரோடும்படி கட்டவேண்டும். துணி நெல்லைத் தொடாமல் இடைவெளி விடுதல் நலம். தார்ப்பாய் மழையைத் தடுக்குமேயன்றி நெல்லை உலர்த்தாது. ஈரநெல்லை நெடுநேரம் மூடிவைத்தால் உள்ளே வெப்பம் ஏறும். மழை விட்டதும் திறந்து கிளறிவிடவேண்டும். சேமிக்கும் நெல்லின் ஈரம் 14 சதவீதத்திற்கு மேற்படலாகாது. வேலை முடிந்தபின் துணியை முற்றும் உலர்த்தி, எலி அணுகாதபடி தரைக்கு மேலே பலகையில் வைத்து, மாதம் ஒருமுறை விரித்துப் பார்க்கவேண்டும்.

இவ்வேலைக்குத் தக்க காலம் ஆடி, ஆவணி மாதங்களே. அப்போது வெயிலும் கிடைக்கும், அறுவடைக்கு முன் அவகாசமும் இருக்கும். கிராம அதிகாரிகள் அப்பருவத்தில் பொதுத் தார்ப்பாய்களையும் கூடாரங்களையும் விரித்து, நீர் தெளித்துச் சோதிக்கச் செய்வாராயின் பெரும் உபகாரமாகும். மழை தொடங்கியபின் ஈரத்துணியில் எம்மருந்தும் ஏறாது. ஆவணியில் இதற்கென ஒதுக்கும் இரண்டொரு நாள், ஐப்பசியில் ஒரு போகத்து நெல்லைக் காக்கும்.