வயர்லெஸ் வேலை செய்யாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

வத்தளையில் எனது வீட்டுக் கம்பியூட்டரில்தான் கணக்குப் பார்ப்பதும் விலை அனுப்புவதும். ஒருநாள் குருநாகல் வாடிக்கையாளர் ஒருவர் காலை பத்து மணிக்கு முன் விலைப்பட்டியல் கேட்டிருந்தார். வயர்லெஸ் இணைப்பு கிடைக்கவில்லை. இணைப்புத் தரும் நிறுவனத்துக்குப் போன் எடுத்து, பேசிய பிள்ளையை ஏசினேன். புறக்கோட்டைக் கடைக்குப் போய் அனுப்பும்போது மணி பதினொன்று. ஓடர் வேறு கடைக்குப் போய்விட்டது.

மாலையில் மகன் பார்த்துவிட்டு, "வாப்பா, லைன்ல பிழை இல்ல. பெயின்ட் அடிச்ச ஆக்கள் ரவுட்டர இரும்பு அலுமாரிக்குப் பின்னால வெச்சிட்டாங்க" என்றான். அன்று படித்த பாடத்தை வரிசையாகத் தருகிறேன்.

1. கைத்தொலைபேசியில் டேட்டாவை நிறுத்தி, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அதே வயர்லெஸ்ஸில் இணையுங்கள். வேலை செய்தால் லைன் நல்லது.

2. இல்லையென்றால் ரவுட்டரின் இணைய விளக்கைப் பாருங்கள். அணைந்தோ சிவந்தோ இருந்தால், ரவுட்டரை நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால்தான் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்.

3. லைன் நல்லதென்றால் கம்பியூட்டரில் ஏரோப்பிளேன் மோட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் கொடுங்கள். கேபிளில் ஓடினால் குறை வயர்லெஸ்ஸில்.

4. ஐபி இலக்கம் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து இலக்கம் கிடைக்காமல் கம்பியூட்டர் தானாகவே ஒன்றைப் போட்டிருக்கிறது. பழைய இணைப்பை அழித்து, கடவுச்சொல்லை மீண்டும் கொடுங்கள்.

5. ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரும்பும் கொங்கிறீட்டும் அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் குழப்பும். வீடுகள் நெருங்கிய இடத்தில் 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்ததைத் தெரியுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டுவது குறைவு.

ஓர் எச்சரிக்கை: ரவுட்டரின் சிறு துளையில் ஊசியால் குத்தாதீர்கள். நிறுவனம் பதிந்து தந்த விபரமெல்லாம் அழிந்துவிடும். கடவுச்சொல் இல்லாமலும் விடாதீர்கள். 2004இல் வந்த டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ3 பூட்டைப் போடுங்கள். பழைய வெப் பூட்டு எளிதில் உடையும்.

அன்று கைத்தொலைபேசியின் டேட்டாவைக் கம்பியூட்டருக்குக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பட்டியல் போயிருக்கும். அது தெரியாததால் ஓடர் போனது. போன ஓடருக்குப் பதில் இன்னொன்று வரும். ஒரு குற்றமும் செய்யாமல் ஏச்சு வாங்கிய அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.