பச்சை குத்திய தோலும் நீராடலும்

பச்சை குத்திக்கொள்ளுதல் தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். குறப் பெண்கள் ஊர்தோறும் சென்று, ஊசியையும் கரிச் சாயத்தையும் கொண்டு கைகளிற் கோலங்களைப் பதித்து வந்தனர். இன்று அதே தொழில் ‘டாட்டூ’ என்னும் பெயருடன், மின்சார ஊசிக் கருவியின் துணையால் நகரக் கடைகளில் நடைபெறுகின்றது. கொச்சி மாநகரமும் இதற்கு விலக்கன்று.

மட்டாஞ்சேரியில் வாழ்வோர்க்கு நீரின் தொடர்பு இடையறாதது. அருகே கடல், ஒட்டினாற்போல் உப்பங்கழி, ஜூன் பிறந்தால் பெருமழை. இத்தகைய ஊரில், பச்சை குத்திய பின்னர்க் குளிக்கலாமா என்னும் வினா எழுவது இயல்பே. தண்ணீரே படலாகாது என்பார் சிலர். கடல்நீர் புண்ணை ஆற்றும் என்பார் வேறு சிலர். இரண்டும் பிழையான கருத்துக்களே. கழுவுதல் வேறு, ஊறுதல் வேறு என்பதை உணர்ந்தால் ஐயம் தீரும்.

தோலில் நிகழ்வது யாது?

மேல்தோலின் உயிரணுக்கள் ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. சாயம் அங்கே தங்குமாயின் விரைவில் மறைந்துவிடும். ஆதலின் ஊசி மேல்தோலைத் துளைத்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் அடித்தோலிற் சாயத்தைச் சேர்க்கின்றது. உடலின் காவல் அணுக்கள் சாயத் துகள்களை விழுங்கினும், அவற்றைச் செரிக்க மாட்டாமல் வைத்துக்கொள்கின்றன. ஓரணு மடிந்தால் அண்டையிலுள்ள மற்றோரணு அத்துகளை ஏற்கின்றது. பிரான்சு நாட்டின் மார்செய் நகர ஆராய்ச்சியாளர் எலிகளைக் கொண்டு 2018-இல் இதனை விளக்கினர்.

முதற் சில நாட்களிற் கழுவும் நீரோடு சிறிது சாயம் வருவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது மேற்பரப்பில் எஞ்சிய சாயமே. அஞ்சத்தக்கவை ஊசி விட்டுச்சென்ற எண்ணற்ற துளைகள். புதிய பச்சை என்பது ஒரு திறந்த புண். அதன் மேற்பரப்பு மூடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்.

கழுவும் முறை

கடைக்காரர் இட்ட உறையை அவர் குறித்த நேரத்தில் அகற்றுக. முதலிற் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. பின்னர் மணமற்ற, மென்மையான சோப்பையும் சுத்தமான வெதுவெதுப்பான நீரையும் கொண்டு விரல்களால் மெல்லக் கழுவி, தூய துணியால் ஒற்றி ஈரம் போக்குக. தேய்த்தல் கூடாது. மருத்துவர் கூறும் களிம்பை மிக மெல்லியதாகப் பூசுக. நாளொன்றுக்கு இருமுறை இவ்வாறு செய்தல் போதும். குழாய் நீரிலோ செம்பால் ஊற்றியோ சிறிது நேரம் குளிப்பதிற் குற்றமில்லை. எண்ணெய் முழுக்கும் சீயக்காய்த் தேய்ப்பும் அவ்விடத்திற் படலாகா. மஞ்சள் பூசுவது பழைய வழக்கமாயினும், கடைத் தூளிற் கிருமிகள் இருத்தல் கூடும்; ஆதலின் ஆறாத புண்ணில் அதனை இடற்க.

கடல், உப்பங்கழி, குளம், நீச்சற்குளம் ஆகியவற்றில் இறங்குவதைப் புண் முற்றும் ஆறும்வரை தவிர்த்தல் வேண்டும். உப்புக் குறைந்த வெப்பமான கழிநீரும் கரையோரக் கடல்நீரும் ‘விப்ரியோ வல்னிபிக்கஸ்’ என்னும் கிருமிக்கு ஏற்றவை. அமெரிக்காவில் ஈரல் நோயுற்றிருந்த ஒருவர், பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தி, இக்கிருமியால் உயிரிழந்த செய்தி 2017-இல் மருத்துவ ஏடொன்றில் வெளியாயிற்று. இது அரிதாக நிகழ்வதே; எனினும் ஈரல் நோயாளரும் நீரிழிவு உடையோரும் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

நீரிலே உழைப்போர்

ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில், தமிழகத்திலிருந்து முன்னாளிற் குடியேறிய வண்ணார் சமூகத்தினர் துணி வெளுத்து வருகின்றனர். அவர்தம் கைகள் நெடுநேரம் சோப்பு நீரில் இருப்பவை. மீனவர் நிலையும் இத்தகையதே. நீரில் இறங்காதீர் என்று இவர்களிடம் கூறுவது, வேலையை விடுக என்பதற்கு ஒப்பாகும். ஆகவே களப்பணியாளர் முன்னதாகவே அறிவுறுத்துதல் நலம்: நீரில் நனையாத உடற்பகுதியிலே குத்திக்கொள்ளலாம், அன்றேல், வேலைக்கு ஓய்வு கிடைக்கும் காலம் வரை காத்திருக்கலாம்.

வகுப்பிற் செய்து காட்ட

இரண்டு கண்ணாடித் துண்டுகளில் அரிசிக் கஞ்சியைத் தடவி நன்கு உலரவிடுக. ஒன்றின்மேற் சிறிது நேரம் நீரை மெல்ல ஊற்றுக. மற்றதை அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி வைக்க. முன்னதிற் பசை பெரும்பாலும் நிலைத்திருக்கும். பின்னது ஊறி, விரல் பட்டவுடன் வழித்துக்கொண்டு வரும். புண்ணின் பொருக்கும் இவ்வாறே ஊறிப் பெயர்ந்து, கிருமிக்கு வழிவிடும். பொருக்கை ஏன் கிள்ளுதல் கூடாது என்பதையும் ஆசிரியர் இதனோடு விளக்கலாம்.

மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

முதல் ஓரிரு நாட்கள் சிவப்பும் சிறு வலியும் இயல்பானவை. அவை நாளுக்கு நாள் மிகுந்தாலும், சீழ், கொப்புளம், காய்ச்சல், சிவந்த கோடுகள் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை தூய்மையற்ற ஊசியின் வழியே இரத்தத்திற் புகுவன. எத்துணை கழுவினும் அவை நீங்கா. ஒவ்வொருவர்க்கும் புதிய ஊசியும் புதிய சாயக் கிண்ணமும் பயன்படுத்தப்படுகின்றனவா என்று குத்துமுன்னரே கண்டறிதல் வேண்டும். பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு காலம் இரத்ததானம் செய்யலாகாது என்னும் விதி இதனையொட்டியே அமைந்தது. இளைஞரிடம் இவற்றை முன்கூட்டியே எடுத்துரைப்பது ஆசிரியர், களப்பணியாளர் ஆகிய இருசாரார்க்கும் உரிய கடமையாகும்.